ஒரே பாய்வு, பல எண்கள்: மோலார் பாய்வு வீதத்தின் அலகுகளை மாற்றும் முறை

நாளொன்றுக்கு 1,000 டன் அம்மோனியா தயாரிக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஆலையின் ஆண்டறிக்கையில் அதன் உற்பத்தி "நாளுக்கு 1,000 டன்" என்று இருக்கும். அதே பாய்வு வடிவமைப்புப் பொறியாளரின் கணக்குத் தாளில் மணிக்கு 2,446.5 கிலோமோல் என்று எழுதப்பட்டிருக்கும். அமெரிக்க அலகுகளில் வரையப்பட்ட ஆலையாக இருந்தால், வரைபடத்தின் ஓரத்து அட்டவணையில் மணிக்கு 5,394 பவுண்டு-மோல் என்று அச்சாகியிருக்கும். வினைவேகத்தைக் கணக்கிடுபவரோ விநாடிக்கு 679.6 மோல் என்பார். நான்கு எண்களும் ஒரே குழாயில் ஓடும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன. வேதிப் பொறியியலில் முதல் ஆண்டு மாணவர் சந்திக்கும் முதல் குழப்பங்களில் இதுவும் ஒன்று. ஒரு முறை தெளிவாகப் புரிந்துகொண்டால் பிறகு எப்போதும் சிக்கல் தராத பகுதியும் இதுவே.

ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடந்து ஓரலகு நேரத்தில் எத்தனை மோல் பொருள் செல்கிறது என்பதே மோலார் பாய்வு வீதம். மோல் என்பது எண்ணிக்கையின் அலகு. 1971 முதல் அது 12 கிராம் கார்பன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு வரையறுக்கப்பட்டிருந்தது. 2019 மே 20 முதல் நிறையோடு இருந்த அந்தத் தொடர்பு நீக்கப்பட்டு, ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள் என்று எண்ணாகவே நிறுவப்பட்டுவிட்டது. நடைமுறைக் கணக்குகளில் இந்த மாற்றத்தால் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் கருத்தளவில் இது உதவுகிறது: "மணிக்கு இத்தனை கிலோமோல்" என்று படிக்கும்போது, "மணிக்கு இத்தனை மூலக்கூறுகள்" என்றே மனத்தில் வாசித்துக்கொள்ளலாம்.

எடையைவிட்டு எண்ணிக்கையை ஏன் நாட வேண்டும்? வேதிவினைகள் எண்ணிக்கையில் நடப்பதுதான் காரணம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்து இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளாகின்றன. ஒன்று, மூன்று, இரண்டு என்ற இந்த எளிய விகிதத்தை எடையில் சொல்லப் புகுந்தால், 28.014 கிலோ நைட்ரஜனும் 6.048 கிலோ ஹைட்ரஜனும் சேர்ந்து 34.062 கிலோ அம்மோனியாவாகின்றன என்று ஆகிவிடுகிறது. கூட்டல் சரியாக வந்தாலும், வினையின் வடிவம் அந்த எண்களில் மறைந்துபோகிறது. மோலார் பாய்வில் எழுதினால், மணிக்கு 2,446.5 கிலோமோல் அம்மோனியா வேண்டுமெனில் அதில் பாதியான 1,223.3 கிலோமோல் நைட்ரஜனும், அதன் மும்மடங்கான 3,669.8 கிலோமோல் ஹைட்ரஜனும் வினைபுரிய வேண்டும் என்பது மனக்கணக்கிலேயே வந்துவிடும்.

பள்ளியில் ஆகுபெயர் படித்தவர்களுக்கு எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்ற நால்வகை அளவைகள் நினைவிருக்கும். எண்ணிச் சொல்வது எண்ணல்; நிறுத்துச் சொல்வது எடுத்தல்; கொள்கலத்தால் அளந்து சொல்வது முகத்தல்; நீளத்தால் அளப்பது நீட்டல். இவற்றுள் முதல் மூன்றும் நம் கணக்குக்கு அப்படியே பொருந்துகின்றன. மோல் எண்ணல் அளவை, கிலோகிராம் எடுத்தல் அளவை, கன மீட்டர் முகத்தல் அளவை. எந்த அலகு மாற்றத்தையும் தொடங்குமுன், ஒரே அளவைக்குள் நகர்கிறோமா, ஓர் அளவையிலிருந்து வேறோர் அளவைக்குத் தாவுகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே அளவைக்குள் நகர்ந்தால் ஒரு மாறாத எண்ணே போதும். குழாயில் ஓடுவது அம்மோனியாவா, நீராவியா, கந்தக அமிலமா என்பது பற்றிக் கவலையில்லை. தாவும்போதுதான் பொருளைப் பற்றிய செய்தி வேண்டும். எடுத்தலிலிருந்து எண்ணலுக்கு வர மோலார் நிறை வேண்டும். முகத்தலிலிருந்து எண்ணலுக்கு வர, வாயுவாயின் வெப்பநிலையும் அழுத்தமும், நீர்மமாயின் அடர்த்தியும் மோலார் நிறையும் வேண்டும். தொடக்க மாணவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை பெருக்கல் பிழைகள் அல்ல. எந்தத் தாவலைச் செய்கிறோம் என்று பார்க்காமல் ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிவிடுவதால் வருபவை.

எண்ணலுக்குள் எண்ணல்

எளிய பகுதியை முதலில் முடித்துவிடுவோம். விநாடிக்கு மோல் என்பதை மணிக்குக் கிலோமோல் ஆக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 3,600 விநாடிகள்; ஒரு கிலோமோலில் 1,000 மோல்கள். ஆகவே விநாடிக்கு 1 மோல் என்பது மணிக்கு 3,600 மோல், அதாவது 3.6 கிலோமோல். மறுதிசையில் 3.6 ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 2,446.5 கிலோமோலை 3.6 ஆல் வகுத்தால் விநாடிக்கு 679.6 மோல் கிடைக்கிறது.

இந்த 3.6 ஐ மனப்பாடம் செய்துகொள்வதில் தவறில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை அலகுகளோடு ஒரு முறையாவது எழுதிப் பார்ப்பவருக்கே, எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்ற ஐயம் நீங்கும். ஒவ்வொரு மாற்றுக் காரணியும் ஒரு பின்னம். அதன் மேலும் கீழும் ஒரே அளவுதான் வெவ்வேறு அலகுகளில் எழுதப்பட்டிருக்கிறது. 3,600 விநாடிகளும் 1 மணியும் ஒன்றே என்பதால், அந்தப் பின்னத்தின் மதிப்பு ஒன்று. ஒன்றால் பெருக்குவதால் பாய்வு மாறாது. அதன் எழுத்து வடிவம் மட்டுமே மாறும். வேண்டாத அலகு மேலும் கீழும் வந்து அடிபட்டுப்போகுமாறு பின்னத்தைத் திருப்பி வைக்க வேண்டும். அடிபடாமல் விநாடியின் வர்க்கம் என்பது போன்ற பொருந்தாத அலகு மிஞ்சினால், பின்னத்தைத் தலைகீழாக வைத்துவிட்டோம் என்று பொருள்.

பவுண்டு-மோல் இந்தியப் பாடநூல்களில் குறைவாகவே வரும் அலகு. ஆனால் அமெரிக்க நூல்களிலும், அந்நாட்டு மரபில் வடிவமைக்கப்பட்ட ஆலைகளின் ஆவணங்களிலும் அதைத் தவிர்க்க முடியாது. ஒரு பொருளின் மோலார் நிறை எண்ணளவில் எவ்வளவோ அத்தனை பவுண்டு எடையுள்ள பொருளே ஒரு பவுண்டு-மோல். 17.031 கிராம் அம்மோனியா ஒரு மோல்; 17.031 கிலோகிராம் அம்மோனியா ஒரு கிலோமோல், 17.031 பவுண்டு அம்மோனியா ஒரு பவுண்டு-மோல். மூன்றிலும் எண் ஒன்றே என்பது பெரிய வசதி. பழைய நூல்களில் கிராம்-மோல், கிலோகிராம்-மோல் என்ற பெயர்களைக் கண்டால், அவை இன்றைய மோலும் கிலோமோலும்தான்.

1959 இல் செய்துகொண்ட பன்னாட்டு உடன்பாட்டின்படி ஒரு பவுண்டு என்பது சரியாக 0.45359237 கிலோகிராம். ஆகவே ஒரு பவுண்டு-மோல் சரியாக 453.59237 மோல், அதாவது ஏறத்தாழ 0.4536 கிலோமோல். மணிக்கு 2,446.5 கிலோமோலை 0.45359 ஆல் வகுத்தால் மணிக்கு 5,394 பவுண்டு-மோல் என்று வருகிறது. சிறிய அலகுக்கு மாறினால் எண் பெரிதாக வேண்டும். பவுண்டு-மோல் கிலோமோலைவிடச் சிறியது என்பதால், எண் இரு மடங்குக்கும் சற்று அதிகமாகியிருப்பது சரியே. இவ்வாறு விடையின் போக்கைப் பார்ப்பதற்குச் சில நொடிகளே ஆகும். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்த பிழையை இது உடனே காட்டிக்கொடுத்துவிடும். விநாடிக்கும் மணிக்கும் இடையிலான மாற்றத்தையும் சேர்த்துக்கொண்டால், மணிக்கு ஒரு பவுண்டு-மோல் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 0.126 மோல்.

எடுத்தலிலிருந்து எண்ணலுக்கு

நிறைப் பாய்வு வீதத்தை மோலார் நிறையால் வகுத்தால் மோலார் பாய்வு வீதம் வருகிறது. விதி இவ்வளவுதான். ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகருக்கு அருகே ஒப்பாவ் என்ற இடத்தில், ஹேபர்-போஷ் முறையில் இயங்கிய முதல் அம்மோனியா ஆலை 1913 இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் தொடக்கத் திறன் நாளுக்குச் சுமார் 30 டன். 30,000 கிலோகிராமை 24 ஆல் வகுத்தால் மணிக்கு 1,250 கிலோகிராம், அதை 17.031 ஆல் வகுத்தால் மணிக்கு 73.4 கிலோமோல், 3.6 ஆல் வகுத்தால் விநாடிக்கு 20.4 மோல். உலக வேளாண்மையை மாற்றியமைத்த தொழில்நுட்பம் விநாடிக்கு இருபது மோல் என்ற அளவில்தான் தொடங்கியது.

இங்கே மிக எளிதாக நுழையும் பிழை, மோலார் நிறையின் அலகைக் கவனிக்காமல் விடுவது. மணிக்கு 1,250 கிலோகிராமை 17.031 ஆல் வகுத்துவிட்டு, "மணிக்கு 73.4 மோல்" என்று எழுதிவிட்டால் விடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். மேலே கிலோகிராம் இருந்தால் கீழே இருப்பது ஒரு கிலோமோலுக்கு 17.031 கிலோகிராம், ஆகவே விடை கிலோமோல். மேலே பவுண்டு இருந்தால் விடை பவுண்டு-மோல். டன்னிலும் ஒரு கண்ணி உண்டு. மெட்ரிக் டன் 1,000 கிலோகிராம். அமெரிக்காவில் வழங்கும் குறு டன் 2,000 பவுண்டு, அதாவது 907.18 கிலோகிராம். நாளுக்கு 1,000 குறு டன் அம்மோனியா என்றால் மணிக்கு 2,219 கிலோமோல்தான்.

கலவையாக இருந்தால் சராசரி மோலார் நிறை வேண்டும். அந்தச் சராசரியை மோல் பின்னங்களைக் கொண்டு எடுக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அம்மோனியா உலைக்குள் செல்லும் தொகுப்பு வாயுவில் மூன்று பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு நைட்ரஜனும் மட்டுமே உள்ளன என்று கொண்டால், சராசரி மோலார் நிறை மூன்று முறை 2.016 உடன் 28.014 ஐக் கூட்டி நான்கால் வகுத்ததாகும், அது 8.5155. இதே கலவையில் நிறைப் பின்னங்கள் வேறு: எடையில் 82 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரஜன். அந்த நிறைப் பின்னங்களைக் கொண்டு சராசரி எடுத்தால் 23.4 என்று வரும். இரண்டும் "சராசரி" என்றே தோன்றினாலும், இரண்டாவதைக் கொண்டு வகுத்தவருக்கு உண்மையான மோலார் பாய்வில் ஏறத்தாழ 36 விழுக்காடு மட்டுமே கிடைக்கும்.

சரியான எண் எது என்பதை நம் ஆலையைக் கொண்டே சரிபார்க்கலாம். வினைபுரிய வேண்டிய நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து மணிக்கு 4,893.1 கிலோமோல். அதை 8.5155 ஆல் பெருக்கினால் மணிக்கு 41,667 கிலோகிராம். 24 ஆல் பெருக்கினால் நாளுக்கு 1,000 டன். உள்ளே சென்ற எடையும் வெளியே வந்த எடையும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் மோல்களோ 4,893.1 இலிருந்து 2,446.5 ஆகப் பாதியாகிவிட்டன. இது பிழையன்று, நான்கு மூலக்கூறுகள் இரண்டாவதுதான் இந்த வினை. வேதிவினையில் எடை காக்கப்படும், ஒவ்வொரு தனிமத்தின் அணு எண்ணிக்கையும் காக்கப்படும், மூலக்கூறுகளின் மொத்த எண்ணிக்கை காக்கப்பட வேண்டியதில்லை. ஆகவே உலையின் இருபுறமும் மோலார் பாய்வு சமமாக இல்லையே என்று கலங்காமல், எடைக்கு மாற்றிச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

நீர்மங்களுக்குக் கந்தக அமிலம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 98 விழுக்காட்டுக் கந்தக அமிலம் மணிக்கு 10 கன மீட்டர் செல்கிறது என்போம். 20 டிகிரி செல்சியஸில் அதன் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1,836 கிலோகிராம். எனவே நிறைப் பாய்வு மணிக்கு 18,360 கிலோகிராம். அதில் 98 விழுக்காடான 17,993 கிலோகிராம் தூய அமிலம், அதை 98.08 ஆல் வகுத்தால் மணிக்கு 183.5 கிலோமோல். எஞ்சிய 367 கிலோகிராம் நீரை 18.015 ஆல் வகுத்தால் 20.4 கிலோமோல். மொத்தம் 203.8 கிலோமோலில் அமிலத்தின் பங்கு 90 விழுக்காடுதான். எடையில் 98 என்பது எண்ணிக்கையில் 90 ஆகிறது. நீரின் மூலக்கூறு அவ்வளவு இலேசானது. நீர்மங்களுக்குச் சொல்லப்படும் விழுக்காடு பெரும்பாலும் எடை விழுக்காடாகவும், வாயுக்களுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் மோல் விழுக்காடாகவும் இருப்பது தொழில் வழக்கம். எது என்று ஆவணத்தில் எழுதப்படாத இடத்தில் ஊகிக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

முகத்தலிலிருந்து எண்ணலுக்கு

இந்தப் பகுதியில்தான் நிதானம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஒரு கன மீட்டர் வாயுவில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்பது வாயு எது என்பதைவிட, அதன் வெப்பநிலையையும் அழுத்தத்தையுமே பெரிதும் சார்ந்தது. நல்லியல்பு வாயுச் சமன்பாட்டின்படி, மோலார் பாய்வு என்பது அழுத்தத்தைக் கன அளவுப் பாய்வால் பெருக்கி, வாயு மாறிலியையும் தனிவெப்பநிலையையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்ததாகும். அழுத்தம் பாரிலும், கன அளவு கன மீட்டரிலும், மோல் கிலோமோலிலும், வெப்பநிலை கெல்வினிலும் இருந்தால் வாயு மாறிலியின் மதிப்பு 0.083145. சதுர அங்குலத்துக்குப் பவுண்டு, கன அடி, பவுண்டு-மோல், ரேங்கின் (ஃபாரன்ஹீட் படியில் அமைந்த தனிவெப்பநிலை) அலகுகளில் அது 10.73. எந்த அலகுத் தொகுதியில் கணக்கிடுகிறோமோ அந்தத் தொகுதிக்குரிய மதிப்பைத்தான் இட வேண்டும்.

ஒரு காற்று அமுக்கி 35 டிகிரி செல்சியஸ், 1.013 பார் நிலையில் மணிக்கு 50,000 கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கிறது என்போம். 1.013 ஐ 50,000 ஆல் பெருக்கினால் 50,650. 0.083145 ஐ 308.15 கெல்வினால் பெருக்கினால் 25.62. வகுத்தால் மணிக்கு 1,977 கிலோமோல். வெப்பநிலையைக் கருதாமல், பள்ளியில் படித்த 22.414 ஐ (0 டிகிரியில் ஒரு கிலோமோல் வாயுவின் கன மீட்டர் அளவு) நேரே கொண்டு வகுத்தவருக்கு 2,231 கிலோமோல் என்று வரும். பதின்மூன்று விழுக்காடு அதிகம். அந்த எண்ணை நம்பி, காற்றிலிருந்து கிடைக்கும் நைட்ரஜனின் கணக்கைப் போட்டால், ஆலை முழுவதற்கும் அந்தப் பிழை பரவும்.

அழுத்தத்திலும் ஓர் இடர் காத்திருக்கிறது. ஆலையில் பொருத்தப்பட்ட அழுத்தமானிகள் வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே காட்டுகின்றன. அது கேஜ் அழுத்தம். சமன்பாட்டுக்கு வேண்டியதோ வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த தனி அழுத்தம். இந்திய ஆலைகளில் இன்றும் பரவலாக உள்ள அலகு, சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராம், அது 0.980665 பார். அழுத்தமானி 5 என்று காட்டினால், தனி அழுத்தம் 4.903 உடன் 1.013 சேர்ந்து 5.917 பார். 40 டிகிரியில் இந்த அழுத்தத்தில் மணிக்கு 200 கன மீட்டர் காற்று சென்றால் மோலார் பாய்வு 45.4 கிலோமோல். வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட மறந்தால் 37.7 கிலோமோல் என்று குறைந்துவிடும். உயர் அழுத்தத்தில் இந்த மறதியின் விளைவு சிறியது. அழுத்தம் குறையக் குறையப் பிழையின் விழுக்காடு ஏறிக்கொண்டே போகும்.

அழுத்தம் பல பத்து பாருக்கு மேல் சென்றால் நல்லியல்பு வாயுச் சமன்பாடு மட்டும் போதாது. உண்மை வாயு நல்லியல்பு வாயுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைக் காட்டும் அமுக்கத்திறன் காரணியையும் கீழே பெருக்க வேண்டும். 80 பார், 25 டிகிரியில் மீத்தேனின் அமுக்கத்திறன் காரணி 0.87 க்கு அருகில் இருக்கும். அதை ஒன்று என்று கொண்டால், குழாயில் உண்மையாகச் செல்வதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவாகக் கணக்கிட்டவராவோம்.

இத்தனை சிக்கல்களையும் ஒரே அடியில் ஒழிக்கவே, கன அளவை ஒரு பொது நிலைக்கு மாற்றிச் சொல்லும் வழக்கம் வந்தது. ஒரு நார்மல் கன மீட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸ், 1.01325 பார் நிலையில் ஒரு கன மீட்டரை நிரப்பும் வாயு. அந்த நிலையில் ஒரு கிலோமோல் நல்லியல்பு வாயுவின் கன அளவு 22.414 கன மீட்டர். நம் ஆலைக்கு வேண்டிய மணிக்கு 3,669.8 கிலோமோல் ஹைட்ரஜன் என்பது மணிக்கு ஏறத்தாழ 82,255 நார்மல் கன மீட்டர். குழாயில் அழுத்தம் எவ்வளவாக இருந்தாலும் இந்த எண் மாறாது. உற்றுப் பார்த்தால், நார்மல் கன மீட்டர் முகத்தல் அளவையின் பெயரைக் கொண்ட எண்ணல் அளவையே. அதனால்தான் நார்மல் கன மீட்டரிலிருந்து கிலோமோலுக்கு மாற, வாயு எது என்று கேட்க வேண்டியதில்லை, 22.414 என்ற ஒரே எண் போதும்.

ஆனால் பொது நிலை என்பது உலகெங்கும் ஒன்றாக இல்லை. தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 1982 முதல் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றிக்கொண்டது. அந்த நிலையில், 0 டிகிரியில், கிலோமோலுக்கு 22.711 கன மீட்டர். இயற்கை எரிவாயுத் துறையில் 15 டிகிரி, 1.01325 பார் என்ற நிலை வழக்கம். அங்கே கிலோமோலுக்கு 23.645 கன மீட்டர். அமெரிக்க எரிவாயுத் துறையில் 60 டிகிரி ஃபாரன்ஹீட், சதுர அங்குலத்துக்கு 14.696 பவுண்டு என்ற நிலை பரவலாக உள்ளது. அதில் ஒரு பவுண்டு-மோலுக்கு 379.5 கன அடி. "திட்டக் கன மீட்டர்" என்று மட்டும் ஓர் ஆவணத்தில் இருந்தால் அது முழுமையான செய்தி அன்று. அடிக்குறிப்பில் வெப்பநிலையும் அழுத்தமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று தேடுவதே முதல் வேலை.

இந்திய எரிவாயுச் செய்திகளில் "எம்எம்எஸ்சிஎம்டி" என்ற சுருக்கம் அடிக்கடி வரும். நாளுக்குப் பத்து லட்சம் திட்டக் கன மீட்டர் என்பது அதன் பொருள். 15 டிகிரியை அடிப்படையாகக் கொண்டால், பத்து லட்சத்தை 23.645 ஆல் வகுத்து நாளுக்கு 42,292 கிலோமோல். 24 ஆல் வகுத்து மணிக்கு 1,762 கிலோமோல். முழுவதும் மீத்தேன் என்று கொண்டால் அது நாளுக்கு ஏறத்தாழ 678 டன். இதே கணக்கை 22.414 ஐக் கொண்டு போட்டால் மணிக்கு 1,859 கிலோமோல் என்று ஐந்தரை விழுக்காடு கூடுதலாக வரும். வாயுவுக்குப் பணம் செலுத்தும் ஆலைக்கு ஐந்தரை விழுக்காடு சிறிய தொகையன்று.

அமெரிக்க வழக்கில் இதன் இணை "எம்எம்எஸ்சிஎஃப்டி", அதாவது நாளுக்குப் பத்து லட்சம் திட்டக் கன அடி. அதை 379.5 ஆல் வகுத்து 24 ஆல் வகுத்தால் மணிக்கு 109.8 பவுண்டு-மோல், அதாவது 49.8 கிலோமோல். ஏறத்தாழ ஐம்பது என்று நினைவில் வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்கு உதவும். இந்தச் சுருக்கங்களின் தொடக்கத்தில் வரும் ஓர் "எம்" ஆயிரத்தைக் குறிக்கிறது. இரண்டு "எம்" சேர்ந்தால் ஆயிரம் முறை ஆயிரம். ஒற்றை "எம்" ஐ மெகா என்று படித்துவிட்டால் ஆயிரம் மடங்கு பிழை நேரும்.

ஆய்வகத்தில் சிறு வினையூக்கிச் சோதனைகளுக்கு வாயுவை அனுப்பும் கட்டுப்பாட்டுக் கருவிகள் நிமிடத்துக்குத் திட்டக் கன சென்டிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். 0 டிகிரி அடிப்படையில் நிமிடத்துக்கு 100 என்றால் விநாடிக்கு 74.4 மைக்ரோமோல், 25 டிகிரியை அடிப்படையாகக் கொண்ட கருவியில் அதே 100 என்பது 68.1 மைக்ரோமோல்தான். கருவியின் கையேட்டைத் திறந்து பார்க்காமல் இதை அறிய வழியில்லை.

ஈரமும் நேரமும்

மோலார் பாய்வை மோல் பின்னத்தால் பெருக்கினால் கலவையில் உள்ள ஒரு பொருளின் பாய்வு கிடைக்கும். இங்கே பின்னம் எந்த அடிப்படையில் சொல்லப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். வாயுப் பகுப்பாய்வுக் கருவிகள் பல, மாதிரியைக் குளிர்வித்து நீராவியை நீக்கிய பிறகே அளக்கின்றன. அவை தருவது உலர் அடிப்படையிலான விழுக்காடு. எரிவாயுவையும் நீராவியையும் வினைபுரியச் செய்து ஹைட்ரஜன் தரும் நீராவி மறுசீரமைப்பு உலையிலிருந்து மணிக்கு 6,000 கிலோமோல் ஈர வாயு வெளிவருகிறது, அதில் 35 விழுக்காடு நீராவி என்று வைத்துக்கொள்வோம். பகுப்பாய்வுக் கருவி ஹைட்ரஜன் 68 விழுக்காடு என்று காட்டுகிறது. உலர் வாயு 3,900 கிலோமோல். அதில் 68 விழுக்காடு 2,652 கிலோமோல் ஹைட்ரஜன். ஈர வாயு முழுவதையும் 68 விழுக்காட்டால் பெருக்கியவர் 4,080 என்று எழுதியிருப்பார். அலகுகள் எல்லாம் சரியாக அடிபட்டுப்போவதால் இந்தப் பிழை வெளியே தெரியாது. "மோல்" என்று மட்டும் எழுதாமல், "உலர் வாயுவின் மோல்", "ஈர வாயுவின் மோல்" என்று பொருளின் பெயரையும் சேர்த்து எழுதுபவர் மட்டுமே இதைக் கண்டுபிடிப்பார். அலகோடு பொருளின் பெயரையும் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுமாறு மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

எத்தனை இலக்கங்கள் எழுதுவது என்பதிலும் அளவு வேண்டும். மாற்றுக் காரணிகளைத் துல்லியமாகவே பயன்படுத்தலாம். ஆனால் பாய்வுமானி இரண்டு விழுக்காடு பிழையோடு அளந்த எண்ணிலிருந்து ஏழு இலக்க விடையை எழுதுவதில் பொருளில்லை. இடைக்கணக்குகளில் இலக்கங்களை வைத்துக்கொண்டு, இறுதியில் மூன்று அல்லது நான்கு முக்கிய எண்ணுருக்களுக்குச் சுருக்குவது போதும். கணக்கு முழுவதையும் ஒரே அலகில் நடத்துவதும் நல்லது. வரும் தரவுகளையெல்லாம் தொடக்கத்திலேயே மணிக்குக் கிலோமோலாக மாற்றிக்கொண்டு, முடிவில் கேட்பவர் விரும்பும் அலகுக்கு ஒரே ஒரு முறை மாற்றித் தருவதே என் வழக்கம். நடுவில் அலகுகளை மாற்றிக்கொண்டே செல்லும் கணக்கைப் பின்னர் சரிபார்ப்பது மிகக் கடினம்.

நேரத்தின் அலகு எளிதானது போலத் தோன்றும். விநாடி, மணி, நாள் மூன்றிலும் ஐயமில்லை. ஆண்டு என்று வரும்போது மட்டும் நிறுத்திக் கேட்க வேண்டும். நாட்காட்டி ஆண்டில் 8,760 மணி நேரம் இருந்தாலும், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் நாட்களைக் கழித்து, இயங்கும் ஆண்டை 330 நாட்கள், அதாவது 7,920 மணி நேரம், அல்லது 8,000 மணி நேரம் என்று வடிவமைப்பில் கொள்வது வழக்கம். ஆண்டுக்கு 3,30,000 டன் அம்மோனியா என்பதை 330 நாட்களால் வகுத்தால், நாம் தொடங்கிய நாளுக்கு 1,000 டன், மணிக்கு 2,446.5 கிலோமோல் கிடைக்கிறது. 365 ஆல் வகுத்தால் நாளுக்கு 904 டன், மணிக்கு 2,212 கிலோமோல்தான். அந்தக் குறைந்த எண்ணை வைத்துக் குழாயையும் அமுக்கியையும் வாங்கிவிட்டால், ஆலை இயங்கும் நாட்களில் அவற்றின் வழியே செல்ல வேண்டிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு இடம் இருக்காது.